நிமிர்ந்து நின்றதால் வந்த வினை

பிரியமுள்ள சோய்லா அக்காவுக்கு, தங்கை ஒதிலியா வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் தையல்களும் சுகம். என் வீட்டுக்காரர் உபால்தோவும் சுகமே, தலையை மட்டும் நம்ப முடியாது. கெட்சால்டெனாங்கோ குளிரில் உன் முட்டிவலி எப்படி என்று எழுது.

நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய வயிறு இறுக்கும் பெல்ட் வந்து சேர்ந்தது. பிள்ளை பெற்றாலும் ஆபரேஷன் ஆனாலும் நம் ஊரில் முதலில் வயிற்றைத்தானே கட்டுவோம், நீ அனுப்பாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் எனக்குப் பிசியோதெரபி சொல்லித்தர வரும் நினெத் என்கிற பெண் அதைப் பார்த்ததும் பாம்பைக் கண்ட மாதிரி குதித்தாள். "டோன்யா ஒதிலியா, பேஸ்ட் ட்யூப நடுவுல அமுக்கினா பேஸ்ட் எங்க போவும்? டாக்டர் கஷ்டப்பட்டு மேல தூக்கித் தச்சத நீங்களே கீழ தள்ளிவிடப் போறீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தாள். சரி, இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்த பொருளை வீணாக்குவானேன் என்று உபால்தோ எடுத்துக் கட்டிக்கொண்டார். நான் தூக்கக் கூடாது என்பதால் தண்ணீர்க் குடம், ஊறவைத்த மக்காச்சோள வாளி, கேஸ் சிலிண்டர் எல்லாம் இப்போது அவர் பாடு. கட்டிய நாள் முதலாய்க் கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று, "எப்பிடி, எளச்சிட்டேன்ல?" என்று கேட்கிறார். நானும் ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாளி நகர வேண்டுமே!

என் சமாச்சாரம் உனக்குத் தெரிந்ததுதான். நாலு பிள்ளைகளும் ஒவ்வொன்றாய் வெளியேறியபின் அவர்கள் குடியிருந்த வீடும் கூடவே கிளம்பிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன், மனுஷன் சிரிக்கவே இல்லை. சிரிக்காமலே கர்ப்பப்பையை உள்ளே ஏற்றித் தைத்துவிட்டார். ஆனால் தையல் நிற்பது என் கையில், அதாவது என் முதுகில் இருக்கிறதாம். சின்ன வயதிலிருந்து வயிற்றை உள்ளே இழு, பின்பக்கத்தை அடக்கு என்று அம்மா சொன்னாள், கன்னியாஸ்திரிகள் சொன்னார்கள், நீயும் கிள்ளிக் கிள்ளிச் சொன்னாய். இந்தப் பெண் வந்து வயிற்றைத் தளர விடு, நெஞ்சை உயர்த்து, பின்பக்கம் பின்னாலேயே இருக்கட்டும், இடுப்பு வளைவைக் கெடுக்காதே என்கிறாள். சோபாவில் புதையக் கூடாது. கெட்டி நாற்காலியில் நுனியில் உட்கார வேண்டும். பார்க்க வந்தவர்கள் தமால் பலகாரப் பொட்டலமும் கையுமாய் சோபாவில் அமிழ்ந்திருக்க, நான் மட்டும் மகாராணி மாதிரி விறைப்பாக இருந்தால் என்ன நினைப்பார்கள்? "ஆபரேஷன் ஆனதும் ஆச்சு, என்னா திமிரு வந்துருச்சு பாரேன்" என்று வாசல் தாண்டுமுன்பே பேச்சு. தும்மல் வந்தால் முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து முன்னால் சாய வேண்டுமாம், அப்போதுதான் வேகம் கீழே இறங்காது. போன ஞாயிறு பூசையில் சாம்பிராணி மூக்கில் ஏற, நான் சாய்ந்தேன். வணங்கும் நேரம் போலிருக்கிறது என்று என் பின்னால் இருந்த அத்தனை வரிசையும் குனிந்துவிட்டது. பாதிரியார் அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தார், பாவம், தன் பேச்சுக்கு இப்படி ஒரு மரியாதையா என்று அவருக்கே குழப்பம்.

இதெல்லாம் போகட்டும். பெரிய வெள்ளிக்கு மாதாவின் சப்பரம் தூக்கும் என் முறை இந்த வருஷம் போய்விடும் என்பதுதான் என் கவலை, உனக்கும் தெரியும். டாக்டர் நடக்கலாம், தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு நீதானே ஃபோனில் யோசனை சொன்னாய்? "தோள் உசரம் பாத்துத்தானடி வரிசை பிரிக்கிறாங்க. நீ உசரக்காரிங்க வரிசையில பூந்துரு. சப்பரம் தூக்குற கட்டை உன் தோளுக்கு மேலயே போயிரும், நீ சும்மா காத்தத் தூக்கிட்டு நட!" கேட்க நன்றாகத்தான் இருந்தது. தோள் அளக்கும் டோன்யா எவுஃபேமியாவிடம் போனேன். கோலை என் பக்கத்தில் நிறுத்தியவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தாள்.

"ஏண்டி, இந்த வயசுல வளர்ந்திருக்க?"

இந்த நினெத் நிமிர்த்திய நிமிர்த்தலில் நான் உண்மையாகவே உயரக்காரிகள் உயரத்துக்கு வந்துவிட்டேன், அக்கா! கட்டை பொருத்தமாக என் தோளில்தான் வந்து உட்காருமாம். "அப்ப கொஞ்சம் கூனிக்கயேன், யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் உபால்தோ. வீட்டில் கூனி நடந்து பார்த்தேன். அடிவயிறு பழையபடி கனத்துத் தொங்குகிற மாதிரி இருந்தது. கூனினால் தையல் போச்சு, நிமிர்ந்தால் சப்பரம் தோளில். பழைய குட்டை வரிசையில் போகலாம் என்றால் அங்கே எல்லாருக்கும் மேல் நான், பாரம் மொத்தமும் எனக்கே வரும்.

சிரித்துக்கொண்டே எழுதினாலும் நேற்று அழுதேன். மாதாவுக்குப் பக்கத்தில் நடக்கிற அந்த ஒரு தெரு தூரம்தான் வருஷத்தில் எனக்கென்று இருக்கிற நேரம். அங்கே என்னை அம்மா என்றோ ஏய் என்றோ யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் இன்னொரு தரம் அந்த ஆபரேஷன் மேஜையில் ஏற என்னால் ஆகாது. அதனால் மனதைத் திடம் பண்ணிக்கொண்டு என் முறையை உனக்கே கொடுக்கிறேன். கறுப்பு உடையும் முக்காடும் தைக்கக் கொடுத்துவிடு, முந்தின நாளே வந்து சேர். நான் வீட்டில் இருந்து மீன் சமைக்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லாரையும், முக்கியமாய் உன் முட்டிகளையும், காப்பாற்றட்டும்.

உன் தங்கை,
ஒதிலியா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் வாசலில் ஒரே சத்தம். உபால்தோ முடிவெட்டும் கடையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாராம், என் கர்ப்பப்பை இப்போது ஊர்ச்சொத்து. டோன்யா எவுஃபேமியா உயரக்காரிகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். நான் வெட்கத்தில் செத்தேன். அவளோ, "எதுக்குடி வெக்கம்? இங்க நிக்கிறவள்ல பாதிப் பேருக்கு இதே கததான். நீ ஒருத்திதான் தைரியமா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க" என்றாள். எனக்கு முன்னால் போகிறவளும் பின்னால் போகிறவளும் தோளில் தலையணை வைத்துக் கட்டிக்கொள்வார்களாம், கட்டை என்னைத் தொடாமல் மேலேயே போகுமாம். "தூக்கறத நாங்க பாத்துக்கறோம். நீ நிமிந்து நட, போதும்" என்றார்கள். அவர்களில் இரண்டு பேர் நினெத் எங்கே இருக்கிறாள் என்று என் காதோரம் குசுகுசுவென்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகையால் அக்கா, மேலே கொடுத்த முறையை இங்கே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ வந்து ஓரத்தில் நின்று பார். வரிசையிலேயே எவள் நன்றாக நிமிர்ந்து வருகிறாளோ அவள்தான் உன் தங்கை. ஒன்றையும் தூக்காதவளும் அவளேதான்.