படகில் தண்ணீர் என்பதற்குப் பிரெஞ்சில் என்ன?

நான் ஒரு படகை மூழ்கடித்திருக்கிறேன். கடலில் என்றால் பெருமையாகவாவது சொல்லிக்கொள்ளலாம். நான் மூழ்கடித்தது டெல்லியில், பாப்கார்ன் விற்கிற ஒரு ஏரியில், பெற்றோர்களும் மாணவர்களுமாக நூறு பேர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. படகில் என்னைப் பெற்ற அப்பாவும், பிரான்ஸிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவரும் இருந்தார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த வருடம் அது. நாங்கள் டெல்லி துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃபிளாட்டில் இருந்தோம். அப்பாவுக்கு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். இரண்டு பக்கத்து உறவிலும் கிணற்றைத் தாண்டித் தண்ணீரோடு தொடர்புள்ளவர்கள் யாரும் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் நான் ஒரு நாள், கப்பலில் அதிகாரியாகப் போகப்போகிறேன் என்று அறிவித்தேன். (வெள்ளைச் சீருடை எனக்கு எடுப்பாக இருக்கும் என்பதைத் தவிர அப்போது வேறு எந்தக் காரணமும் என்னிடம் இல்லை.)

எங்கள் செக்டாருக்குப் பக்கத்திலேயே கடற்படைக்கும் கப்பல் வேலைக்கும் ஆயத்தம் செய்கிற பள்ளி ஒன்று இருந்தது. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மூன்று மாடிக் கட்டடத்தில், கீழே ஒரு பல் டாக்டர், மேலே நாங்கள். இரண்டு பாடங்கள் கட்டாயம். ஒன்று வெளிநாட்டு மொழி, இன்னொன்று கடலோடும் பயிற்சி. மொழியில் நான் பிரெஞ்சை எடுத்தேன். கடலோடும் பயிற்சி என்பது முடிச்சுப் போடுவது, கொடி காட்டுவது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குப் போய்த் துடுப்புப் போடுவது.

அப்பா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பி.காம். சேரச் சொன்னார். கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். பிப்ரவரியில் பள்ளி நடத்தும் ஏரி விழாவுக்கு அவர் வருவார். என் சாமர்த்தியத்தை நேரில் பார்ப்பார். பார்த்துத் திருப்தியானால் மேற்கொண்டு கப்பல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் பி.காம்.

"நீ நல்லாத்தான் படிக்கறே அம்மிணி. ஆனாலும் என்ற கண்ணால ஒருக்கா பாக்கோணும்" என்றார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. பிரெஞ்சு வகுப்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. எங்கள் பிரெஞ்சு மேடத்துக்கோ, தொட்டிலை ஆட்டுவது போன்ற குரல். எட்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது வணக்கம், நன்றி, ஆம், தண்ணீர், படகு, மிகவும் அழகு. மிச்சத்தையெல்லாம் தூக்கத்தில் விட்டுவிட்டேன். ஆனால் எனக்கு ஒரு திறமை இருந்தது. எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்து, ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்துவிடுவேன். வாய்மொழித் தேர்வில் முதல் மதிப்பெண் எனக்குத்தான். ஆகவே ஏரி விழாவுக்கு வரும் கேப்டன் லூசியனைப் பிரெஞ்சில் வரவேற்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவரைப் படகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டும்போது படகின் தலைமைப் பொறுப்பும் எனக்கே.

பெருந்துறை அத்தைகள் வரைக்கும் செய்தி போய்விட்டது. பொண்ணு பிரெஞ்சு பேசறாளாம், கப்பல் ஓட்டறாளாம்.

விழா நாளன்று காலையில், கடலோடும் பயிற்சி சொல்லித்தந்த தஹியா சார் என்னைக் கூப்பிட்டார். ஹரியானாக்காரர், கடற்படையில் இருபது வருடம் இருந்தவர். கட்டைவிரல் பருமனில் ஒரு மரத்துண்டை என் கையில் வைத்தார். எங்கள் படகின் அடியில் ஒரு ஓட்டை உண்டு. கரையில் ஏற்றி வைக்கும்போது மழைத்தண்ணீர் வடிந்து போவதற்கு. படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் இந்த அடைப்பானை அதில் செருக வேண்டும். இந்தியில் இதற்கு 'டாட்' என்று பெயர்.

"கேடட் புங்கோடி, டாட் லகானா மத் பூல்னா" என்றார். அடைப்பானைப் போட மறக்காதே என்று அர்த்தம். (என் பெயர் பூங்கொடி. அதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கும் முயற்சியை முதல் வாரத்திலேயே கைவிட்டிருந்தேன்.)

நான் அந்தக் கட்டையை, வரவேற்புரை எழுதிய காகிதத்தில் சுற்றி, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு உரையை மனத்துக்குள் ஓட்ட ஆரம்பித்தேன். அதற்கப்புறம் அடைப்பான் என்ற பொருள் உலகத்தில் இருப்பதே என் நினைவில் இல்லை.

வரவேற்புரை அபாரமாக அமைந்தது. பன்னிரண்டு வரிகள். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்பதுவரை ஒத்திகை பார்த்திருந்தேன். கேப்டன் லூசியன் உயரமானவர், வெள்ளைத் தாடி. நெஞ்சில் கைவைத்துக் கேட்டார். கூட்டம் கைதட்டியது. அப்பா புது பேன்ட், புது ஷூவில் முன்வரிசையில் நின்று பக்கத்திலிருந்த சர்தார்ஜியிடம், "மேரி பேட்டி", என் மகள், என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் பள்ளி முதல்வர் கேப்டனிடம், "இந்தப் பெண்ணுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. தயவுசெய்து இவளிடம் பிரெஞ்சில் மட்டுமே பேசுங்கள், நல்ல பயிற்சியாக இருக்கும்" என்று கேட்டுக்கொண்டார். கேப்டனும் வாக்குக் கொடுத்துவிட்டார். பெருமையின் உச்சமாக அப்பாவையும் படகில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

படகை இறக்கினோம். துடுப்புப் போட இரண்டு மாணவர்கள், நடுவில் கேப்டனும் அப்பாவும், பின்னால் சுக்கானைப் பிடித்தபடி நான். அடைப்பானைப் போட்டாயா என்று கரையிலிருந்து தஹியா சார் கத்தினார். "புங்கோடி, டாட் லகாயா?"

கைதட்டல் இன்னும் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. "வுய், சார்" என்றேன். பிரெஞ்சில் ஆம்.

படகின் அடித்தளத்தில் மரச்சட்டங்கள் பரப்பியிருந்ததால் முதலில் எதுவும் தெரியவில்லை. பிப்ரவரிக் குளிரில் பாதம் சில்லென்றிருந்தது, அவ்வளவுதான். ஏரியின் நடுப்பகுதியை நெருங்கும்போது அப்பா மெதுவாகத் திரும்பினார்.

"அம்மிணி, படகுக்குள்ள தண்ணி இருக்கறது வழக்கமுங்களா?"

அப்பா யாரையாவது சந்தேகப்பட்டால் மரியாதை கூடிவிடும்.

"துடுப்புல தெறிக்கறதுதாங்ப்பா. கப்பல்லயும் அப்படித்தான்" என்றேன். நான் அதுவரை கப்பலைப் பார்த்ததில்லை.

துடுப்புப் போட்ட இரண்டு பேரும் என்னையே வெறித்துப் பார்த்தார்கள். துடுப்புப் போடுபவர் உத்தரவில்லாமல் வாய் திறக்கக் கூடாது என்பது தஹியா சாரின் சட்டம். அதனால் கண்ணை உருட்டினார்கள். என் பிரெஞ்சு அவர்களை அசத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கேப்டன் லூசியன் காலடியைக் காட்டி, மிகுந்த நாகரிகத்தோடு, "மத்முவாசேல், இல் யா த லோ தான் ல பத்தோ" என்றார்.

இதில் எனக்கு இரண்டு வார்த்தை தெரியும். லோ என்றால் தண்ணீர். பத்தோ என்றால் படகு. தண்ணீரும் படகும் அழகாக இருக்கின்றன என்கிறார் போலும். எவ்வளவு ரசனையான மனிதர். நான் ஏரியை நோக்கிக் கையை வீசி, "வுய், மிகவும் அழகு" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

அவர் சற்று நேரம் என்னை உற்றுப் பார்த்தார். மாலுமி ஒருத்தி இவ்வளவு நிதானமாக இருப்பதை அவர் எங்கும் பார்த்திருக்க மாட்டார். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வந்தது. மறுபடி என் பக்கம் குனிந்தார்.

"மத்முவாசேல், நூ கூலோன்."

கூலோன். இந்த முறை எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. கூலாக இருக்கிறது என்கிறார். காற்று நன்றாகத்தான் வீசியது. "வுய், வுய், கூல்" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். (நூ கூலோன் என்றால் 'நாம் மூழ்கிக்கொண்டிருக்கிறோம்' என்று அர்த்தம். அன்று சாயங்காலம் மேடத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.)

தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் கேப்டன் முதல்வருக்குக் கொடுத்த வாக்கைக் கைவிட்டார். தெள்ளத்தெளிவான ஆங்கிலத்தில், "பெண்ணே, படகு மூழ்குகிறது" என்றார்.

கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். காகிதத்தில் சுற்றிய கட்டை கையில் தட்டுப்பட்டது. அடைப்பான் என்ற பொருள் உலகத்தில் இருப்பது அப்போதுதான் மறுபடி நினைவுக்கு வந்தது. பயிற்சி பயிற்சிதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தண்ணீருக்குள் ஓட்டையைத் தடவிக் கண்டுபிடித்து, அடைப்பானை இறுக்கிச் செருகினேன். உள்ளே வந்த ஏரி இனி வெளியே போக முடியாதபடி பத்திரமாக அடைத்தேன்.

அடுத்த நிமிடம் படகு அப்படியே அமிழ்ந்தது. அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. எனக்குச் சுமாராகத் தெரியும், அதுவும் அப்போது மறந்துவிட்டது. "அப்பா" என்று கத்தினேன். அவர் செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கேப்டன் லூசியன் மட்டும் நிதானமாக எழுந்து நின்றார். தண்ணீர் அவருடைய இடுப்புக்குச் சற்று மேலே நின்றது. கையை நீட்டி, "ஐயா, நிற்கலாம்" என்று அப்பாவை எழுப்பிவிட்டார்.

டெல்லி ஏரிகளின் அந்த ஒரு குணத்துக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

நானும் எழுந்திருக்கப் போனேன். ஏரியில் மக்கள் மிதித்து ஓட்டுகிற அன்னப்பறவைப் படகொன்றில் ஏறி, எங்களை நோக்கிக் காலால் மிதித்துக்கொண்டு வந்த தஹியா சார், "படகின் தலைவர் படகை விட்டு இறங்கக் கூடாது" என்று இந்தியில் முழங்கினார். ஆகவே நான் சுக்கானைப் பிடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவும் கேப்டனும் முன்னால் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்கள். துடுப்புக்காரர்கள் இருவரும், இன்னும் வாய் திறக்காமல், பின்னாலிருந்து தள்ளினார்கள். ஊர்வலச் சப்பரத்தில் சாமி மாதிரி கரை சேர்ந்தேன். கூட்டம் இரண்டாம் முறையும் கைதட்டியது.

படகைக் கரையேற்றிய பிறகும் தண்ணீர் வடியவில்லை. தஹியா சார் குனிந்து அடியில் பார்த்தார். அடைப்பான் கச்சிதமாக இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடைப்பானைப் பிடுங்கி மறுபடி என் கையில் வைத்தார்.

நான் ஒரு மரத்தடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அழுதேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புது ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார், தண்ணீர் கொட்டியது.

"பி.காமே சேர்ந்துக்கறேங்ப்பா" என்றேன்.

"அட, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அந்த மனுசன் தன்னோட மொத வருசத்துல கப்பலைக் கொண்டுபோய்ப் பாலத்துலயே இடிச்சாராம். இப்பத்தான் சொன்னாரு. நீ இடிக்கலையே" என்றார். பிறகு எழுந்து போய், அம்மா கட்டிக் கொடுத்திருந்த புளிச்சோற்றைக் கேப்டனோடு பங்குபோட்டுச் சாப்பிட்டார். தூரத்தில் இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது தெரிந்தது. எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

நான் பி.காம்.தான் படித்தேன். அப்பா சொல்லி அல்ல, வெள்ளைச் சீருடை நனைந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது. இப்போது கன்னாட் பிளேஸில், கப்பல்களுக்குக் காப்பீடு செய்யும் அலுவலகம் ஒன்றில் வேலை. எந்தக் கப்பல் எப்படி மூழ்கியது என்று விசாரித்து அறிக்கை எழுதுவது என் பிரிவு. மாலுமியின் கவனக்குறைவு என்று யாராவது உண்மையை ஒப்புக்கொண்டு எழுதினால், சக ஊழியர்கள் இதில் வேறு ஏதோ சூது இருக்கிறது என்பார்கள். நான் உடனே நம்பிவிடுவேன்.

அப்பா ஓய்வுபெற்ற மறு மாதம் ஒரு காரியம் செய்தார். யாரிடமும் சொல்லாமல் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தார். காலை வகுப்பு, தூங்கவேயில்லை. நான்கு வருடத்தில் கொங்குத் தமிழின் நீட்டலோடு சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் கேப்டன் லூசியனோடு வீடியோ அழைப்பு. அங்கே அவர் தாடியைத் தடவுவார், இங்கே அப்பா கடலை கொறிப்பார்.

போன வாரம் என் கணவரும் மகளும் சோபாவில் உட்கார்ந்திருக்க, நான் அப்பாவுக்குக் காபி கொண்டுபோனேன். பேச்சில் மகள் என்ற வார்த்தை வந்தது. படகு என்ற வார்த்தையும் வந்தது. அப்புறம் நீளமாக ஒரு வாக்கியம். திரையில் கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பாவுக்குப் புரையேறியது.

"என்னங்ப்பா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அப்பா காபியை வாங்கிக்கொண்டு என் கணவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க அந்தக் காலத்துலயே பிரெஞ்சுல மொத மார்க்கு வாங்குனவீங்க. உங்களுக்கு நானுங்களா சொல்லித் தரோணும்?"