மேலக் கொப்பில் கை வைத்த கதை

எனக்கு மேலும் தெரியாது, கீழும் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என் மனைவி வீட்டார் இதைத் தெருத் தெருவாகச் சொல்லி முடித்து, தெருக்காரர்கள் கொழும்பு வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லி முடித்த பிறகு, நான் மட்டும் மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அவர்கள் சொல்லச் சொல்ல அந்த மரத்தில் வருஷத்துக்கு ஒரு கொப்பு கூடிக்கொண்டே போகிறது. இரண்டே இரண்டு கொப்புதான் என்று எங்காவது எழுதி வைத்தாக வேண்டும்.

நாடு விடுதலையாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. நான் சென்னை மண்ணடியில் பிறந்து வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த திசைகள் சோத்துக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம், அவ்வளவுதான். இருபத்துமூன்று வயதில் கீழக்கரையில் பெண் எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வதுகூடப் பிழை. கீழக்கரையில் கல்யாணமானால் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருக்க வேண்டும். அதனால் ஒரு தகரப் பெட்டியும் நானுமாக ஜெய்னம்புவின் வீட்டில் குடிபுகுந்தோம். (பெட்டிக்கு உடனே இடம் கிடைத்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் நாளாயிற்று.)

மாமனாருக்குக் கொழும்பில் கடை, கடலில் சரக்குத் தோணி. நிக்காஹ் முடிந்த கையோடு கொழும்புக்குப் போய்விட்டார். நான் வந்த மூன்றாம் மாதம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊரில் புதுத் தோணி ஒன்று கட்டப்போகிறார், கூடவே நின்று வேலை வாங்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும், மருமகனுக்கு அந்தப் பொறுப்பு தாங்குமா என்று வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்த்துச் சொல்வார். தாங்காது என்று அவர் சொல்லிவிட்டால் நான் மண்ணடிக்கு என் வாப்பா கடைக்கே திரும்ப வேண்டியதுதான். ஜெய்னம்பு இங்கே, நான் அங்கே, வருஷத்துக்கு ஒரு பெருநாளில் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன். பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இரண்டுமேதான்.

மறுநாள் காலையில் அடுக்களைக் கதவின் சங்கிலி ஒரு முறை ஒலித்தது. மாமி என் முன்னால் வந்து நின்று பேசுவதில்லை. மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதை அது. கதவுக்குப் பின்னால் நின்று சங்கிலியை ஒரு தட்டுத் தட்டினால் தேத்தண்ணி தயார் என்று அர்த்தம். அன்றைக்குத் தேத்தண்ணியோடு ஒரு வேலையும் வந்தது.

"மருமகனே, மாமா வாரதுக்குள்ள ஆளைக் கூப்பிட்டு வேம்பைக் கழிச்சிருங்க. கீழக் கொப்பை எடுத்துறச் சொல்லுங்க. மேலக் கொப்புல மட்டும் அருவா படக் கூடாது."

முற்றத்தில் நின்ற அந்த வேம்புக்கு இரண்டு பெரிய கொப்புகள். ஒன்று நன்றாக உயர்ந்து போய் அடுக்களை ஓட்டின் மேல் படுத்திருந்தது. மற்றது தாழ்ந்து கிணற்றுப் பக்கம் விரிந்திருந்தது. இந்தத் தாழ்ந்த கொப்புக்கும் எனக்கும் ஏற்கெனவே பகை. விடியற்காலைத் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளூச் செய்யக் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அது என் நெற்றியில் இடிக்கும். மூன்று மாதமாக என் நெற்றி வீங்கியும் வடிந்தும் கிடந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துத்தான் மாமி மனம் இரங்கிவிட்டார் என்று நினைத்தேன். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. என் தலைக்காக ஒரு கொப்பையே எடுக்கச் சொல்கிறார்கள் என்றால் இந்த வீட்டில் என் மதிப்பு எங்கேயோ போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

ஆள் பிடிப்பது கஷ்டமாக இல்லை. திருவாடானைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சோணை என்பவர் புரட்டாசி பிறந்ததும் கீழக்கரைக்கு வந்துவிடுவார். மழைக்கு முன்னால் எல்லா வீட்டு மரங்களுக்கும் கொப்புக் கழித்துவிடுவது அவருடைய வேலை. தோளில் ஒரு வடம், இடுப்பில் ஒரு அரிவாள், கையில் கோடாலி. மற்ற வீடுகளில் அவர் வந்ததும் மரத்தில் ஏற விட்டுவிடுவார்கள் போல. நான் விடுவேனா? மண்ணடியில் என் வாப்பா ஒரு மூட்டை தூக்கும் ஆளை வைப்பதற்கே பத்துக் கேள்வி கேட்பார். நானும் முந்தின நாளே ஒரு தாளில் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். முற்றத்தில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன்.

எத்தனை வருஷமாக இந்தத் தொழில் என்று கேட்டேன். மீசை முளைப்பதற்கு முன்னாலிருந்து என்றார். (மீசை நரைத்திருந்தது.) இது கழிக்கிற பருவம்தானா என்றதற்கு, இப்போது கழித்தால்தான் மழைக்குத் தழைக்கும், காற்றுக்கும் நிற்கும் என்றார். கழித்தால் மரம் பட்டுப்போகாதே என்றதற்கு, அடிமரத்தில் வெட்டு விழாமல் பதமாக எடுத்தால் போகாது என்றார். கொப்பு தொப்பென்று விழுமா என்றதற்கு, வடத்தில் கட்டிப் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவது மாதிரி இறக்குவேன் என்றார். தழையும் கட்டையும் யாருக்கு என்றதற்கு, தழை தெரு ஆட்டுக்கு, கட்டை உங்கள் அடுப்புக்கு என்றார். மரத்திலிருந்து நீங்களே விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அதைப் பற்றி அப்போது எனக்குக் கவலை இருக்காது என்றார். கடைசியாக, ஏதாவது தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்று குரலை உயர்த்திக் கேட்டேன்.

"ஓட்டுக்கு நான் பொறுப்பு மொதலாளி. கொப்புக்கு நீங்க பொறுப்பு," என்றார் சோணை.

அதன் ஆழம் எனக்கு அப்போது தெரியவில்லை. தாளில் அந்தக் கேள்விக்கும் ஒரு கோடு போட்டுவிட்டு, "சரி, கீழக் கொப்பை எடுங்க," என்றேன். சோணை நேராகப் போய் ஓட்டின் மேல் கிடந்த உயரக் கொப்பில் வடத்தை வீசினார். நான் பதறி எழுந்தேன்.

"நில்லுங்க. அது இல்ல. கீழக் கொப்பு."

"இதுதான் மொதலாளி கீழக் கொப்பு."

"அது ஓட்டுக்கு மேல கிடக்கே."

"மேல கெடக்குறதாலதான கழிக்கச் சொல்றீக."

நான் பொறுமையாகத் தாழ்ந்த கொப்பைக் காட்டினேன். அதுதான் கீழக் கொப்பு என்றேன். அது மேலக் கொப்பு என்றார் அவர். தலையில் இடிக்கிற கொப்பு எப்படி மேலக் கொப்பாகும் என்று கேட்டேன். சோணை என் நெற்றியைப் பார்த்தார், கொப்பைப் பார்த்தார், அப்புறம் நெடுநேரம் வானத்தைப் பார்த்தார்.

"உங்க தலையில இடிக்கிதுன்னு கொப்பு பேரை மாத்திக்கிருமா மொதலாளி?"

ஓட்டுப் பக்கம் போனால் பாதி நாளில் வேலை முடியும் என்று ஆள் என்னை ஏய்க்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். மாமியின் வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லி, மேலக் கொப்பில் அரிவாள் பட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டினேன். மிரட்டும்போது என் விரல் ஓட்டுப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. சோணை தலையைச் சொறிந்தார். பிறகு வடத்தைச் சுருட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"கையால தொட்டுக் காட்டுங்க. தொட்ட கொப்பைத்தான் கழிப்பேன். எங்க அய்யா காலத்துல இருந்து வீட்டுக்காரவுக தொடாம நாங்க மரத்துல ஏறுனதில்ல."

தொட்டேன். தொட்டேனா? மூன்று மாதக் கணக்கையும் சேர்த்து இரண்டு கையாலும் அந்தக் கொப்பை ஓங்கி அறைந்தேன். சோணை பெருமூச்சு விட்டு ஏறினார்.

கோடாலி நாலு போடு போட்டிருக்கும், அடுக்களைச் சங்கிலி ஒலித்தது. தேத்தண்ணி என்று நினைத்து, வேலை முடியட்டும் என்று குரல் கொடுத்தேன். மறுபடி ஒலித்தது. நிற்காமல் ஒலித்தது. கூடவே பலகாரமும் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். (வெளி ஆண் ஒருவர் முற்றத்தில் மரத்தின் மேல் இருக்கும்போது வீட்டுப் பெண்கள் யாரும் வெளியே வரவோ சத்தம் போடவோ கூடாது. கதவுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் சங்கிலியைப் பிய்த்துக்கொண்டிருக்க, கதவுக்கு முன்னால் ஒரு முட்டாள் பலகாரத்தை நினைத்துக்கொண்டிருந்தான்.) கொப்பு, சோணை சொன்னபடியே, தொட்டிலில் இறங்குகிற பிள்ளையைப் போல வடத்தில் மெதுவாக இறங்கித் தரையில் படுத்தது. முற்றம் முழுக்க வெயில் அடித்தது. உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது.

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்."

யாராவது இறந்துபோன செய்தி கேட்டால் சொல்வதை மாமி மரத்துக்குச் சொல்லிவிட்டார். நான் உள்ளே ஓடினேன். ஜெய்னம்பு அழுதுகொண்டிருந்தாள். கிணற்றுப் பக்கத்துக் கொப்பு அவள் வாப்பாவுடைய நிழல். அவர் ஊருக்கு வந்தால் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்து, அந்தக் கொப்புக்கு அடியில் சாய்வு நாற்காலியைப் போட்டுப் படுத்துவிடுவார். கொழும்பிலிருந்து எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் பிள்ளைகளை விசாரித்த கையோடு அதையும் விசாரிப்பாராம். இதை மூன்று மாதத்தில் ஒருவராவது என்னிடம் சொல்லியிருக்கலாம். ஓட்டை நொறுக்கிக்கொண்டிருந்த கொப்பையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதால், சோணை அதையும் கழித்துவிட்டுப் போனார். வேம்பு, ஹஜ்ஜில் மொட்டை அடித்துக்கொண்டு வந்தவரைப் போல உச்சியில் நாலு இலையோடு நின்றது.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். முற்றத்தில் காலை வைத்தவர் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றார். கதவுக்குப் பின்னாலிருந்து மாமி படபடவென்று பேச ஆரம்பித்தார். சோணைக்குப் புத்தி கெட்டுப்போய்விட்டது, ஒன்று சொன்னால் ஒன்று செய்துவிட்டான், இனிமேல் இந்தத் தெருவில் எந்த வாசலையும் அவன் மிதிக்கக் கூடாது என்று எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார்.

நான் பேசாமல் இருந்தால் போதும், தோணி எனக்குத்தான். ஜெய்னம்புவை நினைத்தேன், மண்ணடியை நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் என் முன்னால் வந்து நின்று தொட்டுக் காட்டச் சொன்னது காதிலேயே இருந்தது. ஒரு அடி முன்னால் வந்து சொன்னேன்.

"அவர் மேல தப்பு இல்ல மாமா. தொட்டுக் காட்டினது நான்தான்."

மாமா என்னையே பார்த்தார். "குடை இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அசர் தொழுகை முடிந்து வந்ததும் வழக்கமான இடத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தார். கொப்பு இருந்த இடத்தில் நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் பக்கவாட்டில் வந்து அவர் முகத்தில் விழுந்தது.

"கொஞ்சம் மேல பிடிங்க மருமகனே."

உயர்த்தினேன். வெயில் இன்னும் அதிகமாக விழுந்தது.

"இன்னும் மேல."

கையை நீட்டிக் குதிகாலைத் தூக்கி எவ்வளவு முடியுமோ அவ்வளவு உயரத்தில் பிடித்தேன். குடை ஏறக்குறைய மரத்து உச்சிக்குப் போய்விட்டது. மாமா முழு வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ மாறியது.

"மருமகனே, மேலத் தெருவுக்கு ஏன் மேலத் தெருன்னு பேரு?"

"அங்கே கொஞ்சம் மேடா இருக்கும்போல மாமா."

"அப்ப கீழக்கரை?"

"பள்ளத்துல இருக்கறதால."

சாய்வு நாற்காலி நடுங்க ஆரம்பித்தது. எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம்தான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு, அது மரத்துக்கும் தெருவுக்கும் ஊருக்கும் ஒன்றுதான் என்று அவர் சொல்லச் சொல்ல, கதவுக்குப் பின்னாலும் சிரிப்பு கிளம்பியது. மேற்கே சாய்ந்த சூரியன் என் முகத்திலும் நன்றாக அடித்தது. நான் பிடித்திருக்க வேண்டிய பக்கம் அதுதான்.

சிரித்து முடித்ததும் மாமா கதவுப் பக்கம் திரும்பித் தீர்ப்புச் சொன்னார்.

"தோணி கட்டுற வேலைய மருமகன் பாக்கட்டும். தப்பை ஒளிக்காத ஆளு. ஆனா ஓட்ட மட்டும் விட்றாதீக. மேல திருப்பச் சொன்னா தோணிய வானத்துக்கு ஏத்திருவாரு."

நான் குடையை அப்படியே கீழே போட்டுவிட்டேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் எனக்கு இரண்டு திசையும் வேண்டியிருக்கவில்லை. தோணியைக் கட்டினேன். அதில் ஒரு தடவைகூட என்னைச் சுக்கான் பக்கம் அண்டவிடவில்லை. சோணை அடுத்த புரட்டாசிக்கும் வந்தார், வந்ததும் என் நெற்றியைத்தான் முதலில் பார்த்தார். மேலக் கொப்பு இரண்டே மழையில் தழைத்து மறுபடியும் என் நெற்றியைத் தேடி வந்தது. நான் குனிந்து போகக் கற்றுக்கொண்டேன்.

ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. போன மாசம் ஜெய்னம்புவுக்கு முழங்கால் வலி என்று சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். டாக்டர் நாலாவது மாடியில். லிப்டில் ஏறியதும் பொத்தான்களுக்குப் பக்கத்தில் நின்ற ஆள், "மேலயா, கீழயா பெரியவரே?" என்று கேட்டார். கீழக்கரை எனக்கு அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தது. என்னை அறியாமல் கழுத்தை நீட்டி வெளியே சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். பின்னாலிருந்து ஜெய்னம்புவின் குரல் வந்தது.

"அவுககிட்ட அதைக் கேக்காதீக தம்பி. தொட்டுக் காட்டச் சொல்லுங்க."

தொட்டேன். லிப்ட் கீழே போனது.