கீழ் வீட்டு வெபர்

டோர்ட்மண்டில் ஒரு மூன்றாம் மாடி வீட்டிலிருந்து வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த பிரகடனம் வெளியானது: 'ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வீட்டில் சத்தம் தடை செய்யப்படுகிறது.' ஃப்ரிட்ஜ் கதவில் அதை ஒட்டியவர் ஸ்ரீஸ்கந்தராஜா. ஊர்த் தமிழருக்கெல்லாம் முப்பது வருடமாக ஜேர்மன் சட்டம் படிப்பிப்பவர்.

காரணம் இருந்தது. ஒன்றரை வருடம் அலைந்து கிடைத்த வீடு. குடிவந்த முதல் ஞாயிறு, மனைவி தேவமலர் கிரைண்டரில் சம்பல் அரைத்தாள். கீழிருந்து, டொக், டொக்.

"கீழ் வீட்டு வெபர் கூட்டுற தும்புத்தடியால முகட்டில இடிக்கிறான்," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. கீழ் வீட்டு அழைப்புமணியில் அந்தப் பெயர்தான் இருந்தது. "ஞாயிறில சத்தம் போடக் கூடாதெண்டது இங்கத்தைச் சட்டம். ஒரு முறைப்பாடு போட்டானெண்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்!"

பயத்தில் அவருக்குக் குளிர்ந்தது. ஹீட்டரை ஓர் எண் கூட்டினார்.

அடுத்த ஞாயிறு கிரைண்டருக்குத் தடை. தேவமலர் உரலை எடுத்தாள்.

"மெத்தைக்கு மேல வைச்சு இடியும்."

"சம்பலை இடிக்கிறதோ, தாலாட்டுறதோ?"

டொக், டொக், டொக். ஹீட்டர் இன்னும் இரண்டு எண் ஏறியது.

"அப்பா, கீழ போய் ஒருக்கா கதைச்சால் என்ன?" என்றாள் மகள் யதுசா.

"உனக்கு இந்தச் சனத்தைத் தெரியாது, பிள்ளை."

யதுசா பிறந்து, வளர்ந்து, படித்து, வேலை பார்ப்பதெல்லாம் இந்தச் சனத்தோடுதான்.

கதைக்கத் துணிவில்லாதவனிடம் ராஜதந்திரம் பிறக்கிறது. அன்று பின்னேரமே ஒரு தட்டில் பன்னிரண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ் வெபரின் வாசலில் வைக்கப்பட்டன. மறுநாள் தட்டு, கழுவித் துடைத்து, இவர்கள் வாசலில் இருந்தது.

"பாத்தீரோ? சமாதானம்!"

மூன்றாம் ஞாயிறு சம்பலே இல்லை. காலுறையோடு நடந்தார்கள். தேவமலர் தலையணைக்குள் தும்மினாள்.

டொக், டொக், டொக், டொக்.

"பன்னிரண்டு காணாதாம்," என்று அறிவித்தார். "இருபத்திநாலு செய்யும்."

"அம்பதும் செய்யிறன். முதல்ல அந்த ஹீட்டரைக் குறையுங்கோ, அவிஞ்சு சாகப்போறம்!"

குறைக்கத்தான் போனார். பதற்றத்தில் எதிர்ப்பக்கம் திருகினார். குமிழ் கையோடு வந்தது.

திங்கட்கிழமை கட்டடப் பராமரிப்பாளர் வந்தார். மாடிப்படிகளைக் கூட்டித் துடைப்பவரும் அவர்தான். புதுக் குமிழ் பூட்டி, பக்கத்திலிருந்த ஏதோ ஒன்றைத் திருகினார். 'உஸ்ஸ்' என்றது. பிறகு ஜேர்மனில் நீளமாக ஏதோ சொன்னார். ஸ்ரீஸ்கந்தராஜா கம்பீரமாகத் தலையாட்டினார்: "யா, யா!"

பராமரிப்பாளர் படியிறங்கியதும் ஸ்ரீஸ்கந்தராஜா மகள் பக்கம் திரும்பினார்.

"என்னவாம்?"

"டொக்கெண்டது ஹீட்டர் குழாய்க்குள்ள நிண்ட காத்தாம். ஹீட்டரைக் கூட்டக் கூட்ட இன்னும் சத்தம் போடுமாம். வெபர் போன வருசமே வீடு மாறிப் போட்டாராம். கீழ காலியாம்."

"அப்ப... ரோல்ஸ்?"

"படி துடைக்கிற தனக்கு வைச்சதெண்டு நினைச்சாராம்," என்றாள் யதுசா. "உப்புத்தான் கொஞ்சம் காணாதாம்."