மில் ஐயாவின் ஜிப்பாவும் அப்பாவின் ஏலக்காயும்

இருபத்திரண்டு வயதில் ஓர் ஆண்பிள்ளை யார் சொன்னாலும் கேட்பான், தனக்குச் சோறு போடுகிறவர் சொன்னால் மட்டும் கேட்கமாட்டான். முன்பின் பார்த்திராத பெரிய மனிதர் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், மார்கழியில் பச்சைத் தண்ணீரில் குளிக்கவும் தயாராகிவிடுவான். இதை நான் ஊர் ஊராகப் போய் விசாரித்துச் சொல்லவில்லை. அந்த ஆண்பிள்ளை சாட்சாத் நான்தான்.

எழுபதுகளின் கடைசி. போடிநாயக்கனூரில் அப்பாவுக்கு ஏலக்காய் மண்டி. நான் மதுரையில் பி.காம். முடித்துவிட்டு வந்து (முடித்தது காலேஜை மட்டும்தான், ரெண்டு பேப்பர் என்னோடு ஊருக்கு வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டன) மண்டியில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எதிர்காலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ரேடியோ வழியாக என் வாழ்க்கைக்குள் மில் ஐயா வந்தார்.

கோயம்புத்தூர்க்காரர். பஞ்சு மூட்டை தூக்கி ஆரம்பித்து மில்லுக்கே முதலாளி ஆனவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இளைஞர்களுக்காகப் பேசுவார். "தம்பி, எழுந்து நில்!" என்பார். நான் பாயில் படுத்தபடிதான் கேட்பேன், ஆனால் உள்ளுக்குள் விறைப்பாக எழுந்து நிற்பேன்.

அவர் சொன்னதில் புதிதாக என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. "கதிரவன் உன்னை எழுப்பக்கூடாது, நீ கதிரவனை எழுப்பு" என்பார் அவர். "விடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு, எந்திரிடா" என்பார் அப்பா. இரண்டும் ஒரே சங்கதிதான். ஆனால் அப்பா சொன்னால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். மில் ஐயா சொன்னதற்காக இருட்டிலேயே எழுந்து, பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று முழங்குவேன். (அம்மா இரண்டு நாள் ஒட்டுக்கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் என் கையில் தாயத்துக் கட்டிவிட்டாள்.)

இப்போது யோசித்தால் அதில் கேலி செய்ய அதிகம் இல்லை என்றுதான் தோன்றுகிறது. வேலையில்லாத பையனிடம் ஊர் கேட்பது ஒரே கேள்வி: "என்னப்பா, சோலி ஏதும் கெடச்சுச்சா?" மில் ஐயா ஒருவர்தான் அதைக் கேட்கவில்லை. நான் ஏற்கெனவே பெரிய ஆள், அந்தத் தகவல் எனக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்பதுபோல் பேசினார். அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது சும்மா உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் தெரியும். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

ஒரு சித்திரை மாதம், போடிமெட்டுப் பக்கம் எஸ்டேட் ஒன்றைப் பார்க்க மில் ஐயா வருகிறார் என்று தெரிந்தது. நானும் என் கூட்டாளி ஜெயராசும் சேர்ந்து வாலிபர் சங்கம் ஒன்று நடத்திக்கொண்டிருந்தோம். (சங்கத்தின் மொத்தச் சொத்து ஒரு கேரம் போர்டு.) மலையிலிருந்து இறங்கும் வழியில் எங்கள் ஊரில் பேச வேண்டும் என்று கேட்டோம். அவரும் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு நான் நடந்ததை நடை என்று சொல்லக்கூடாது, கால் தரையில் பாவவே இல்லை.

போடியில் பெரிய மனிதருக்கு ரோஜா மாலை போட்டால் ஊருக்கே அவமானம். ஏலக்காய் மாலைதான் போட வேண்டும், அதுவும் கிளிப்பச்சையாக இருக்க வேண்டும். சித்திரையில் கிளிப்பச்சைக்கு எங்கே போவது? அறுவடை முடிந்து மாசக்கணக்காகிவிட்டது. மண்டியில் இருந்ததெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்த பழைய காய். அப்பாவிடம் கேட்டேன். தாராளமாக அள்ளிக் கொடுத்தார்.

"வெளுத்திருக்கேப்பா" என்றேன்.

"வெளுத்தா என்னாடா? மணம் எங்குட்டும் போயிறல. அப்பிடியே கோத்துப் போடு."

அப்பா அப்படித்தான். அந்தக் காலத்தில் சிலர் வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்பது உண்டு. அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. சாயத்தின் மேலிருந்த கோபத்தில் அவர் பச்சை நிற மிட்டாய்கூடத் தின்னமாட்டார். "அவரு காயா? கண்ணை மூடிட்டு வாங்கு" என்று ஊரில் பேர். அந்தப் பேரை நம்பித்தான் வடக்கேயிருந்து ஒரு சேட்டு அந்த வாரம் வந்திருந்தார். சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் இருந்த பழைய காய் அத்தனையையும் கூட்டத்துக்கு மறுநாள் அவர் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அது கைமாறினால்தான் மழைக்காலத்துக்கு முன்னால் தோட்டக்காரர்களுக்கு அப்பா முன்பணம் கொடுக்க முடியும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் புத்தி போன போக்கு வேறு.

"இல்லை என்ற சொல்லை அகராதியிலிருந்து கிழித்தெறி. இருப்பதை வைத்து வெல்!" என்று மில் ஐயா அந்த வாரம்தான் ரேடியோவில் சொல்லியிருந்தார். பச்சைக் காய் இல்லை. கடைத்தெருவில் பாய்க்கோரைக்குப் போடும் பச்சைச் சாயம் இருந்தது. இருப்பதை வைத்து வென்றேன்.

மொட்டை மாடியில் ரகசியமாகச் சாயம் கரைத்து, காயை முக்கி, உலர்த்தி, நானும் ஜெயராசும் உட்கார்ந்து கோத்தோம். மாலை அப்படியே ஜொலித்தது. ஜெயராசு தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாப்ளே, கையெல்லாம் பச்சையா ஒட்டுதுடா."

"அது உழைப்பின் நிறம்" என்றேன். (அந்தக் காலத்தில் நான் இப்படித்தான் பேசுவேன். யாரும் என்னை அடிக்கவில்லை என்பது போடி மக்களின் பெருந்தன்மை.)

கூட்டத்தன்று சாயங்காலம் மலையிலிருந்து பொட்டுக் காற்று இறங்கவில்லை. பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஏலக்காய் வியாபாரிகள், நடுவில் அப்பா, அவருக்குப் பக்கத்தில் சேட்டு. மில் ஐயா ஜீப்பிலிருந்து இறங்கினார். சலவை செய்த வெள்ளை ஜிப்பா, வெள்ளை வேட்டி. நானே மாலையைப் போட்டேன். எல்லாப் பெரிய மனிதர்களும் மாலையை வாங்கிய கையோடு கழற்றி மேஜையில் வைத்துவிடுவார்கள். இவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "தம்பிமாரு ஆசையாக் கோத்தது, கழட்டமாட்டேனுங்க" என்று மைக்கில் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கழற்றியிருக்கலாம்.

ரேடியோவில் கேட்டபோது எனக்கு ஒரு விஷயம் தெரியாமல் போயிற்று. மில் ஐயா பேசும்போது நெஞ்சில் அடித்துக்கொண்டு பேசுவார்.

"சக்தி வெளியே இல்லை தம்பி. இங்கே இருக்கிறது!" என்று ஓங்கி அடித்தார். மாலையின் காய்கள் வேர்வையில் நனைந்த ஜிப்பாவோடு நசுங்கின. அடித்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை பூத்தது. "இங்கே!" என்று மறுபடி அடித்தார். இன்னொரு பச்சை. பிறகு அதே கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தார். கன்னத்தைத் துடைத்தார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் கதகளி வேஷக்காரர் ஒருவர் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிட்டது.

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. வியாபாரிகள் ஒருவர் காதை ஒருவர் கடிக்க ஆரம்பித்தார்கள். "சாயக்காய்ப்பா." "யாரு கடைக் காயி?" "வேற யாரு, அவுக கடைதான்." சேட்டு தன் நாற்காலியை அப்பாவிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். மில் ஐயாவுக்கும் ஏதோ தப்பு நடக்கிறது என்று புரிந்துவிட்டது. குனிந்து தன் ஜிப்பாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து பிடித்துப் பேசினார். அந்த மனிதரின் தைரியத்தை நான் இன்னொருவரிடம் கண்டதில்லை.

அப்பா எழுந்தார். மேடையேறினார். கல்யாண வீட்டில் "வாங்க" என்று சொல்லவே கூச்சப்படுகிறவர் அவர். நேராக மில் ஐயாவிடம் போய், "ஐயா, கோவிச்சுக்கிறாதீங்க. கொஞ்சம் கையை நீட்டுங்க" என்றார்.

மில் ஐயா எதற்கு என்றுகூடக் கேட்காமல் வலது கையை நீட்டினார். ஜிப்பாவில் வெள்ளையாக மிச்சமிருந்தது அந்தக் கைப்பகுதிதான். அப்பா தன் சட்டைப் பையிலிருந்து சாம்பிள் காயை எடுத்தார். மேஜையிலிருந்த டம்ளர் தண்ணீரில் நனைத்தார். மில் ஐயாவின் கையைக் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, வெள்ளைத் துணியில் அந்தக் காயை அழுத்தித் தேய்த்தார். பிறகு கையைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது.

மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்பது என்று அப்பாவுக்குத் தெரியாது. கத்தினார்: "இதுதேன் எங் கடைக் காயி. அந்த மாலைக்குச் சாயம் போட்டது எம் மகன். கிறுக்குப் பய. அவன் சாயம் போட்டான், நான் போடல. நம்பாதவுக வந்து தேச்சுப் பாருங்க!"

சேட்டு வந்தார். அப்பாவின் பையில் தானே கையைவிட்டுக் காய் எடுத்து, நனைத்து, மில் ஐயாவின் கையில் தேய்த்தார். அப்புறம் இன்னொரு வியாபாரி. அப்புறம் இன்னொருவர். மில் ஐயா கோயில் தேர்போல அசையாமல் கையை நீட்டியபடி நின்றார். கடைசியில் சேட்டு அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சரக்கு கைமாறியது அந்தத் தலையாட்டலில்தான். மைதானத்தில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் மேடைக்கு அடியில், சாமியானா கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி முன்னால் இத்தனை நாள் முழங்கியதெல்லாம் மறந்துபோய்விட்டது.

மில் ஐயா எங்கள் வீட்டில் குளித்து (வெந்நீரில்தான், நானே விளாவிக் கொடுத்தேன்), அப்பாவின் தொளதொள சட்டையைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. காதோரம் மட்டும் பச்சை போகவில்லை. அப்பாதான் ஆரம்பித்தார்.

"நான் என்ன சொன்னாலும் கேக்க மாட்டேங்குறான்யா. நீங்க சொன்னா ராத்திரியில எந்திரிச்சுக் குளிக்கிறான். என்ன மருந்து வச்சிருக்கீங்க?"

மில் ஐயா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "என்ற பையனும் இவன் வயசுதானுங்க. ஊரெல்லாம் நான் பேசறதைக் கேக்குது. அவன் ரேடியோவை அமத்திப் போட்டுப் போயிர்றான்." கொஞ்சம் யோசித்தார். "ஏனுங்க, அவனை இங்க அனுப்பட்டுங்களா? நீங்க இன்னிக்கு மேடையில பேசுனாப்பல ரெண்டு வார்த்தை சொல்லோணும்."

"எனக்கு எங்கய்யா பேசத் தெரியும்?" என்று அப்பா பதறினார். ஆனால் பையன் வந்துவிட்டான். பெயர் குமரேசன். அவன் போடிக்கு வந்த கையோடு, அவனுக்குப் பதிலாக நான் கோயம்புத்தூரில் மில் ஐயாவின் மில்லுக்கு வேலைக்குப் போனேன். பண்டமாற்று.

ஆவணியில் லீவில் வந்தவன் திகைத்துப் போனேன். விடியற்காலையில் அப்பா, "எந்திரிப்பா, விடிஞ்சிருச்சு" என்கிறார். குமரேசன் துள்ளி எழுகிறான். "உங்கப்பா எவ்வளவு ஆழமாப் பேசறாருங்க!" என்கிறான். விடிந்ததைச் சொல்வதில் என்ன ஆழம் என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவும் லேசாக மாறியிருந்தார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒரு தடவை, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, நெஞ்சில்கூட அடித்துக்கொண்டார்.

கோயம்புத்தூரில் என் கதை வேறு. மில் ஐயாவின் சொல் ஒவ்வொன்றையும் முதல் மாதம் பொன்போல் பொத்தி வைத்துக்கொண்டேன். தீபாவளி வருவதற்குள், அவர் "நேரத்துக்கு வரோணும்டா, சாப்பிட்டியா?" என்று கேட்டால், அப்பாவிடம் ஆட்டுவதுபோலவே தலையை ஆட்டிவிட்டு நகர ஆரம்பித்தேன். ஒருநாள் அதைக் கண்டுகொண்டவர் கோபிக்கவில்லை. "போச்சு, உனக்கும் நான் அப்பனாயிட்டேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். ரேடியோவில் அவர் பேசிய எதுவும் அந்தச் சிரிப்பு மாதிரி என்னைத் தொட்டதில்லை. அந்த மில்லிலேயே வேலை பார்த்து ஓய்வும் பெற்றேன். குமரேசன் போடியிலேயே பெண் கட்டி, இன்றைக்கு அப்பாவின் மண்டியை நடத்துகிறான்.

எனக்கும் ஒரு மகன் பிறந்தான். அவனுக்கும் இருபத்திரண்டு வயது வந்தது. நான் சொன்னால் கேட்பதில்லை, டி.வி.யில் கோட்டுப் போட்டவர் ஒருவர் சொன்னால் கேட்டான். பொறுத்துப் பார்த்துவிட்டுக் குமரேசனுக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். (அவன் பேச்சு இப்போது முழுசாகப் போடிப் பேச்சு.)

"மாப்ளே, உன் மகனை வெரசா பஸ்ஸேத்தி விடு. எம் மகனை நான் இங்கிட்டிருந்து ஏத்தி விடுறேன்."

இரண்டு பையன்களும் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே சந்தித்திருக்கிறார்கள். டீ குடித்திருக்கிறார்கள். என் மகன் பல வருஷம் கழித்துத்தான் அதைச் சொன்னான். பிரியும்போது அவன் குமரேசன் மகனிடம், "எங்கப்பா நல்ல மனுசன்டா. சொன்னாக் கேட்டுக்க, என்னாலதான் கேக்க முடியல" என்றானாம். அந்தப் பையனும் பஸ்ஸில் ஏறிக்கொண்டே, "எங்கப்பாவும் அப்பிடித்தேன்டா" என்றானாம்.