முப்பது மணி நேர மாமியார்

உயிரே போனாலும் இந்த வருஷம் மாமியாரை வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். சத்தமாகச் சொல்லவில்லை. மனசுக்குள்தான். நமக்கு அங்கேதான் தைரியம் ஜாஸ்தி.

நாங்கள் இந்த வெளிநாட்டுக்குக் குடிவருவதற்கு முன், போன தடவை வந்து டிவி ரிமோட்டைக் கையில் எடுத்தவர், ஊருக்குக் கிளம்பும்போதுதான் கீழே வைத்தார். கூடவே நான் சாப்பிடுவது, தும்முவது, செருப்பைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் நேரடி வர்ணனை.

நான் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஆபீஸில் வேலை பார்ப்பவன். தூரத்தையும் நேரத்தையும் பற்றி என்னிடம்தானே கேட்டாக வேண்டும்? மனைவியும் கேட்டாள்.

"அம்மா ஊர்லேருந்து இங்க வர எவ்வளவு நேரங்க ஆகும்?"

"முப்பது மணி நேரம்!"

"ஐயய்யோ, அவ்வளவா?"

"பின்னே? ரெண்டு இடத்துல விமானம் மாறணும். காது அடைக்கும். கால் வீங்கும். அத்தையோட முழங்காலை நினைச்சா எனக்கு அழுகையே வருது."

நேராக வரும் விமானம் ஒன்று உண்டு, ஒன்பது மணி நேரம்தான் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். பொய் இல்லை பாருங்கள், சுற்றிக்கொண்டு வந்தால் முப்பதுதான்!

"பாவம் அம்மா. சரி, விடுங்க" என்றாள். அவள் எதையும் அவ்வளவு சுலபமாக விட்டவள் இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் ஆபீஸில் போன். மாமியார் ஊரிலிருந்து ஏதோ ஒரு பெண் குரல். "எங்க வீட்டுக்காரம்மா மகளைப் பார்க்க அங்க வரணும் சார். வயசானவங்க. ரொம்ப தூரம்னு பயப்படுறாங்க."

மகள் வீட்டுக்குக் கிளம்பும் அம்மாக்கள் அந்த ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். நான் எதைக் கண்டேன்? வாடிக்கையாளர் பயந்தால் எனக்குப் பொறுக்காது.

"தூரமா? நேர் விமானம் இருக்கும்மா! ஒன்பதே மணி நேரம். ஒரு தூக்கம் போட்டு எழுந்தா இறங்கிடலாம். சக்கர நாற்காலிக்கும் சொல்லிடுறேன். ராணி மாதிரி வரட்டும்!"

"பத்து நாள்ல திரும்பிடணுமாம்."

"என்னம்மா இது! பெத்த பொண்ணு வீட்டுல பத்தே நாளா? மருமகன் மனசு என்ன பாடுபடும்? ஆறு மாசம் கழிச்சுத் திரும்புற மாதிரி போடுங்க!"

பேர், பாஸ்போர்ட் சமாசாரங்களைப் பக்கத்து மேசைப் பெண் வாங்கிக்கொண்டாள். மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், மனைவி முன்னறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா வர்றாங்க. ஆறு மாசம் இருப்பாங்க."

"என்னது! முப்பது மணி நேரம் உட்கார்ந்தா?"

"ஒன்பதுதானாம். அம்மா வீட்டு மாடியில குடியிருக்கிறவங்களை விட்டு விசாரிக்கச் சொன்னேன். டிக்கெட் போடுறவர் தங்கமா பேசினாராம். ஆறு மாசம் கூட அவர் யோசனைதான்."

கோபத்தில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. "எந்த மடையன் அவன்? அடுத்தவன் குடியைக் கெடுக்கிற அறிவுகெட்டவன்! அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அவரைத் திட்டாதீங்க. என்ன இருந்தாலும் என் புருஷன்."