கன்னம் வைக்கிறவர்

கொல்லிமலையில் அவரைப் போல எல்லோராலும் சந்தேகிக்கப்பட்ட மனிதர் யாருமில்லை. அவரளவு நிம்மதியாக இருந்தவரும் யாருமில்லை. மலையின் ஒரு பகுதியான எடப்புளி நாட்டில், ஒரு மாவு மில்லில் வேலை பார்த்தார். ஊருக்கு அவர் கன்னக்காரர்.

மில் ஓடத் தொடங்கியதும், தானியம் கொட்டும் மரப்பெட்டியில் இடது கன்னத்தைச் சாய்த்துக்கொள்வார். அதிர்வு முகத்தில் ஏற ஏறத் தாடை தொங்கும், தோள் இறங்கும், மூச்சு எருமையின் மூச்சாக நீளும். கை மட்டும் தானியத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குடித்திருக்கிறாரென்று முதலாளி வாயை மோந்து பார்த்தார். மாவைத் திருடுகிறாரென்று கேழ்வரகு கொண்டுவந்தவர்கள் நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு கன்னம் மட்டும் எப்போதும் மாவாக இருந்ததே அவர்களுக்கு ஆதாரம். அங்கே பள்ளி ஆசிரியனாக இருந்த நான், பெட்டியில் ஏதோ மயக்க மருந்து வைக்கிறாரென்று சந்தேகப்பட்டு, ஒருநாள் நானும் சாய்ந்து பார்த்தேன். என் கண்ணாடியைக் கழற்றி அவர் பிடித்துக்கொண்டது வரைதான் நினைவிருக்கிறது.

1998 என்பது என் கணக்கு. 1999 என்பார் முதலாளி. ஆடித் திருவிழாவுக்கு வந்த கூட்டம் மலை இறங்கிய மறுவாரம் என்பதில் தகராறில்லை. ஒரு கிடங்கின் சுவரில் யாரோ கன்னம் வைத்து, அந்த ஓட்டை வழியாக மிளகு மூட்டைகளைத் தூக்கிவிட்டார்கள். விசாரிக்க வந்த ஏட்டு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே பேசுகிறவர். மில்லில் மாவரைக்கக் காத்திருந்த ஓர் அம்மாளிடம், சந்தேகப்படும்படி யாராவது உண்டா என்று கேட்டார்.

"நம்ம கன்னக்காரருதானுங்க. தெனமும் கன்னம் வெப்பாரு."

"தினமுமா?"

"மிசினு சத்தம் வந்தாத்தானுங்க வெப்பாரு. நானுங்கூட ஒருக்கா வெச்சேன். வாத்தியாரும் வெச்சிருக்காருங்க."

அங்கே மாவு வாங்க நின்றிருந்த என்னை ஏட்டு பார்த்த பார்வையில் என் அரசு வேலை ஆடியது.

பிறகு ஏட்டு கன்னக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தார். ஸ்டேஷனுக்குப் போகிறவனுக்கு மில்லில் வேலையில்லை என்று முதலாளி அறிவித்தார்.

கன்னக்காரர் மில்லை ஓட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கூட்டிட்டுப் போங்க சாமி. அதுக்கு முன்ன நீங்களும் ஒருக்கா வெச்சுப் பாருங்க. இந்தப் பொட்டியிலதானுங்க."

பிடியை விடாமல், ஒரு கண்ணைத் திறந்து வைத்தபடி ஏட்டு சாய்ந்தார். முதலில் பல் கடிப்பது நின்றது. பிறகு அந்தக் கண் மூடியது. கடைசியில் கை நழுவியது. கன்னக்காரர் ஓடியிருக்கலாம். ஏட்டின் தொப்பி மில்லின் ஓடும் பெல்ட்டில் விழாமல் எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கேழ்வரகு தீர்ந்து மில் நின்றது. கன்னம் நிறைய மாவோடு ஏட்டு நிமிர்ந்தார்.

"ஓ, இந்தக் கன்னமா" என்றார். தொப்பியை வாங்கவில்லை. "இன்னும் யாருக்காவது அரைக்க வேண்டியிருக்கா?"

முதலாளியே மில்லை மறுபடி ஓட்டிவிட்டார். கன்னக்காரர் அடுத்த கூடையை எடுத்துக் கொட்டினார்.

இப்போது வீட்டில் கிரைண்டர் ஓடும்போது நானும் கன்னம் வைப்பதுண்டு. அதிர்வு அதேதான். கண்ணாடியை வாங்கிப் பிடித்துக்கொள்ளத்தான் அவர் இல்லை.