மூக்கு வளர்ந்த கதை

"மழையில நனைஞ்சு வந்தா தண்ணி வடியணும் சார்" என்று வந்திருந்தது அன்றைய புகார்.

கண்ணாடிக்காரர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். எதிரே ஒரு வாடிக்கையாளர் சுவரிலிருந்த எழுத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப தெரியுதா?" என்று லென்ஸை மாற்றினார்.

"மங்கலா இருக்கு."

"இப்ப?"

"முன்னாடி வச்சதே தேவல."

கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பேச்சுதான். யார் என்ன குறை சொன்னாலும் "மாத்தித் தர்றேங்க" என்று சொல்லிச் சொல்லி, அவருடைய நாக்குக்கு வேறு பதிலே மறந்துபோயிருந்தது.

அந்த அலுப்பு தீரத்தான் ஒரு பொழுதுபோக்கைப் பிடித்தார். கம்ப்யூட்டரில் வரைவார். தெருக்கோடிப் பட்டறையில் இருக்கும் லேசர் மெஷினில் கொடுத்து, மெல்லிய பிளைவுட்டில் அதை வெட்டி வாங்குவார். துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஒரு பொருள் எழுந்து நிற்கும். அப்படி அவர் செய்த முதல் பொருள், மூக்கு வடிவத்தில் ஒரு ஸ்டாண்டு. கழற்றி வைக்கிற கண்ணாடி அதன்மேல் ஜம்மென்று உட்காரும். மொத்தமும் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும் என்று, டிசைன்களை இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் ஓர் இணையதளத்தில் அதைப் படத்தோடு போட்டார். மனைவி படத்தைப் பார்த்து அலறினாள்.

"ஏங்க, இது எங்கண்ணன் மூக்கு!"

"பொதுவான மூக்குதாம்மா."

"நடுவுல அந்த மேடு பொதுவா? சொந்தக்காரங்க பாத்தா மானம் போயிடும். எடுங்க முதல்ல."

மச்சானுக்குக் கண்ணாடி பொருத்தியவர் அவர்தான். அந்த மூக்கு கையோடு வந்துவிட்டது போலிருக்கிறது. வம்பு எதற்கென்று படத்தை எடுத்தார். 'மூக்கு ஸ்டாண்டு' என்ற தலைப்பையும் 'வீட்டு ஸ்டாண்டு' என்று மாற்றினார். அளவுகளும் ஃபைலும் மட்டும் மிஞ்சின.

அதற்குப் பிறகுதான் 'அஞ்சுபேர் வீடு' என்ற பெயரில் ஒரு பெண்மணி வந்து சேர்ந்தாள்.

"ரொம்பச் சின்ன அளவா இருக்கே சார். எங்க வீட்ல அஞ்சு பேர். ஆளுக்கு ரெண்டு இருக்கு."

கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று. குடும்பத்துக்கே பார்வை போயிருக்கிறதே என்று கண்ணாடிக்காரரின் மனசு இளகியது. 'மாத்தித் தர்றேங்க' என்று எழுதி, மூக்கைப் பெரிதாக்கினார்.

உடனே மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "என் கண்ணாடி உள்ள விழுந்துடுச்சு" என்றார் ஒருவர். "பழைய அளவை யார் தூக்கச் சொன்னா?" என்றார் இன்னொருவர். பழையதையும் பக்கத்திலேயே போட்டார். இரண்டையும் கலந்து வெட்டியவர்கள், எதிலும் எதையும் செருக முடியவில்லை என்று திட்டினார்கள்.

'அஞ்சுபேர் வீடு' மட்டும் திட்டவில்லை. பொறுமையாக அடுத்ததைக் கேட்டாள்.

"எங்க சின்னவன் அதுமேல ஏறி உக்காருவான். தாங்குமா?"

பிளைவுட்டைத் தடிமனாக்கினார். தடிமன் கூடியதும், துண்டுகள் செருகும் காடிகள் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அத்தனையையும் திரும்ப வரைந்தார். தோள்பட்டை வலித்தது. பிறர் கண்ணைச் சோதிக்கிறவருக்குத் தன் கண்ணே எரிந்தது. இப்போது தண்ணீர் வடிய வேண்டுமாம். குடை இல்லாமல் போகிற குடும்பம் போலிருக்கிறது என்று பெருமூச்சு விட்டு, அடியில் வரிசையாக ஓட்டை போட்டார்.

அதற்கும் நன்றி சொல்லிவிட்டுக் கேட்டாள்: "வாடை தங்காம இருக்குமா சார்?"

லேசர் பட்ட ஓரம் கருகி, கொஞ்ச நாள் வாடை அடிக்கும்தான். விவரம் தெரிந்தவள் என்று மதிப்புக் கூடியது. காற்றோட்டத்துக்காகப் பெரிதாக இரண்டு துவாரங்கள் வைத்தார். மூக்கில் அதற்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை.

பட்டறையில் மெஷின் ஓட்டுகிற அம்மா, வெட்டி விழுந்த துண்டுகளைப் பார்த்து மலைத்துப்போனாள்.

"என்ன சார் இது?"

"கண்ணாடி ஸ்டாண்டு."

"யானைக்கா?"

சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. விசாரித்ததில் 'அஞ்சுபேர் வீடு' இதே ஊர்தான் என்று தெரிந்தது. 'நானே செஞ்சு வைக்கிறேன். வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. புண்ணியமாப் போகும், இனிமே எதுவும் எழுதாதீங்க' என்று முகவரி அனுப்பினார். லீவு போட்டு உட்கார்ந்து துண்டுகளைச் செருகி முடித்தபோது, கூடத்தின் நடுவே அவர் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மூக்கு நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போக வேண்டியிருந்தது.

சொல்லி வைத்தாற்போல் அன்றைக்கு மச்சான் வந்தார்.

வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து முன்னாலிருந்து பார்த்தார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். நடுமேட்டைப் பார்த்ததும் அவர் கை தானாகத் தன் மூக்குக்குப் போனது.

"என்ன மாப்ள இது?"

"கண்ணாடி ஸ்டாண்டு மச்சான். அளவு கொஞ்சம் கூடிப்போச்சு."

"என்மேல வருத்தம் இருந்தா நேர்லயே சொல்லியிருக்கலாம். இப்படி மரத்துல செஞ்சு நடுவீட்ல நிறுத்தணுமா?"

ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டார். மனைவி ஓடிப்போய்க் கூப்பிட்டும் திரும்பவில்லை.

"உங்களுக்கு நிம்மதிதானே? இனிமே சாப்பாடு தூக்கமெல்லாம் அந்த மூக்குக்குள்ளயே வச்சுக்குங்க" என்று படுக்கையறைக் கதவைச் சாத்தினாள்.

கண்ணாடிக்காரர் மூக்கின்மேல் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். யாருக்கோ உபகாரம் செய்யப்போய், இருந்த ஒரே மச்சானையும் இழந்தாயிற்று. போகட்டும். அந்தக் குடும்பத்தின் பத்துக் கண்ணாடிகளாவது ஓர் இடத்தில் பத்திரமாக உட்காரட்டும்.

மறுநாள் காலையில் வேன் வந்து நின்றது. ஓயாத வீட்டு வேலையால் களைத்துப்போன முகத்தோடு அந்தப் பெண்மணி இறங்கினாள். பின்னாலேயே அவள் கணவர், கயிறும் கையுமாக வந்தார். இரண்டு பேர் முகத்திலும் கண்ணாடி இல்லை. வைக்க ஒரு வழி இல்லாமல் எங்கேயோ தொலைத்திருப்பார்கள், பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. தண்ணி வடிய அடியில ஓட்டை வச்சிருக்கேன், பாருங்க."

"ஆமா சார்" என்றாள் அவள், மூக்கை மேலும் கீழும் பார்த்தபடி.

"வாடை தங்காது. காத்து இந்தப் பக்கமா வந்து அந்தப் பக்கமாப் போயிடும். உங்க சின்னவன் தாராளமா ஏறலாம். நானே ஏறிப் பாத்துட்டேன்."

"ஆமா சார்" என்றாள் மறுபடியும். குரல் இறங்கியிருந்தது.

கணவர் மூக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு, பணிவாகக் கேட்டார்:

"எல்லாம் இவ கேட்ட மாதிரியேதான் இருக்கு சார். ஆனா இதுல செருப்பை எங்க விடறது?"